வடையின் வெயில்

ஒக்டோபர் 6, ஞாயிறு

செத்தவீட்டுக்கு வந்தவர்களில் கடைசி ஆள் இன்று காலை விமானம் ஏறிவிட்டார். லண்டனிலிருந்து வந்த வசந்தமாலா அக்காதான் அது. சுபாஜினியின் ஒரே தமக்கை. போகும்போது குளிர்பெட்டி நிறையக் கறி சமைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் எழுதி ஒட்டி வைத்துவிட்டுப் போனார். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே குரல். குசினிக்குள்ளிருந்து அவர் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் நான் திரும்பிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் எங்களோடு கதைத்த பெண், கதைக்க முடியாவிட்டால் எழுதுங்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன். புதிதாக எழுதத் தொடங்குகிறவன் ஆட்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வீட்டில் இப்போது நானும் மிதுனாவும். அவள் சுபாஜினியின் மகள், பதின்மூன்று வயது. அவளுடைய தகப்பன் அவள் கைக்குழந்தையாய் இருந்தபோதே வவுனியாவில் வாகன விபத்தில் இறந்துபோனவர். நான் சுபாஜினியைக் கட்டி மூன்று வருடம். மிதுனா என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். நோர்வேயின் வடக்கு நுனியில், மீன் தொழிற்சாலையைத் தவிர வேறொன்றும் இல்லாத இந்தத் துறைமுகத்துக்குத் தாயும் மகளும் எனக்காகத்தான் வந்தார்கள்.

பின்னேரம் சுபாஜினியின் தையலறைக்குப் போனேன். யன்னலோரம் பெரிய மரப்பெட்டி. அதற்குள் ஆமைக்குட்டி. மிதுனாவின் பிறந்தநாளுக்கு ஜூலையில் சுபாஜினி வாங்கிக் கொடுத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். மஞ்சளும் கறுப்புமாய், நன்றாகப் பொரிந்து உப்பியதுபோல் இருந்ததால் மிதுனா அதற்கு வடை என்று பெயர் வைத்தாள். அன்று சுபாஜினி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

பெட்டிக்கு மேலே தொங்கும் சூட்டு விளக்கு எரியவில்லை. எப்போது பல்ப் எரிந்துபோனதோ தெரியாது. அந்தச் சனத்துக்குள் யார் பார்த்திருப்பார்கள்? ஆமை ஒரு மூலையில், தலையும் காலும் உள்ளே இழுத்தபடி. தூக்கினேன். வேலையில் மீன் தூக்குவதுபோல் இருந்தது. அவ்வளவு குளிர்.

மிதுனாவின் அறைக் கதவைத் தட்டினேன்.

“மிதுனா, வடை அசையேல்லை.”

கதவு திறந்தது. என் கையிலிருந்து வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இளஞ்சூட்டிலை தண்ணி கொண்டு வாங்கோ. சுடக்கூடாது. கையை விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது.”

தாயை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு இது. தட்டையான பாத்திரத்தில் அதன் தாடையளவுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் நிலத்தில் இருந்து பார்த்தோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு முன்கால் ஒன்று வெளியே வந்து தண்ணீரைத் தள்ளியது.

மிதுனா என்னைப் பார்க்கவில்லை. “பல்ப் வேணும்” என்றாள்.

ஒக்டோபர் 7, திங்கள்

வேலை முடிந்து இரும்புக்கடையில் இருந்ததிலேயே பெரிய பல்பாக வாங்கி வந்து, தாழ்வாகக் கட்டிவிட்டேன். குளிரில் விறைத்த பிராணிக்குச் சூடு கூடினால் நல்லதுதானே என்று நினைத்தேன். மிதுனா வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டு உடனே அணைத்தாள்.

“அங்கிள், உது வடையைச் சுட்டுப்போடும்.”

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், எனக்கு மறந்துவிடும். ஒடுங்கிய ஒளி விழும் பல்ப் கூடாது; அது ஓட்டின் நடுவை மட்டும் வறுக்கும். பரந்து விழுவது வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம்தான் சூடு. அங்கே ஓட்டின் உயரத்தில் முப்பத்து மூன்று, முப்பத்து நாலு பாகை. மற்றப் பக்கம் இருபத்து மூன்று அளவில் இருக்க வேண்டும். சுட்டால் எழும்பிப் போக அதற்கு இடம் வேண்டும். குட்டி கெதியாகக் காய்ந்துபோகும், அதனால் ஒரு மூலையில் ஈரப்பாசி வைத்த மறைவிடம். இரவில் விளக்கு இல்லை.

“உதெல்லாம் ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?”

“அம்மாவும் நானும் வாசிச்சனாங்கள்.”

ஒக்டோபர் 9, புதன்

சரியான பல்ப் தபாலில் வர நாளாகும் என்பதால் இருக்கிற பல்பைச் சங்கிலியில் ஒவ்வொரு கொளுவியாக உயர்த்திப் பார்க்கிறோம். சூடு பார்க்க, தொழிற்சாலையிலிருந்து துவக்கு ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். கைத்துப்பாக்கி மாதிரி இருப்பதால் நாங்கள் துவக்கு என்றுதான் சொல்வோம். நீட்டி அமத்தினால் எந்தப் பொருளின் மேற்சூட்டையும் காட்டும். இத்தனை வருடமாக அதை மீனுக்கு மட்டும்தான் நீட்டியிருக்கிறேன். பூச்சியத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்றால் நல்ல மீன். இன்றுதான் அது முப்பத்து நாலு காட்டி நான் சந்தோஷப்பட்டது.

மிதுனா சிரிக்கவில்லை. ஆனால் துவக்கை வாங்கி என் நெற்றிக்கு நீட்டினாள். “முப்பத்தொண்டு. நீங்கள் மீனும் இல்லை, ஆமையும் இல்லை.”

ஒக்டோபர் 19, சனி

பல்ப் வந்தது. சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் சிறு பெட்டியொன்றும் வந்தது. விளக்கோடு பூட்டிவிட்டேன்.

அக்கா சமைத்து வைத்த கறிகள் முடிந்துவிட்டன. நான் வைத்த சோறும் பருப்பும். மிதுனா பருப்பைத் தொடவில்லை. சாப்பாட்டைத் தையலறைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அங்கேதான் படிக்கிறாள், அங்கேதான் சாப்பிடுகிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் குளியலறையில் பிடித்துக் குடிக்கிறாள். விளக்கடி வெதுவெதுப்பாக இருக்கிறது, எனக்கும் அங்கே இருக்கத்தான் பிடிக்கிறது. தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு நானும் போய்விடுகிறேன்.

நவம்பர் 3, ஞாயிறு

வசந்தமாலா அக்கா தொலைபேசியில்.

“தம்பி, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கேல்லை. பிள்ளையை இஞ்சை அனுப்புங்கோ.”

“பள்ளிக்கூடம் நடக்குது அக்கா.”

“இஞ்சை பள்ளிக்கூடம் இல்லையே? நீங்கள் நல்ல மனுசன், அதிலை எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் நீங்கள் தனி ஆம்பிளை. விடிய வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வாறியள். அவள் வளருற பிள்ளை.”

“இந்த வருசப் படிப்பு முடியட்டும்.”

“அவளுக்காகவோ, உங்களுக்காகவோ?”

படிப்பு நடுவில் குழம்பக்கூடாது என்று சொன்னேன். அது நியாயமான காரணம்தான்.

தொலைபேசியை வைத்ததும் மிதுனா கூப்பிட்டாள். வடை விளக்கடியை விட்டு நகர்ந்து ஈரப்பாசிக்குள் போய்ப் படுத்ததைக் காட்டினாள். “போதும் எண்டால் அதுவே போகும்” என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

முன்கதவு வழியாகத்தான் இந்த வீட்டுக்கு வருவது, அது நேரே குசினிக்குள் திறக்கும். மிதுனா இப்போது வீட்டைச் சுற்றிப் பின்கதவால் வருகிறாள். முன்படியில் பனி இறுகி வழுக்குவதால் இருக்கும். உப்புப் போட்டுச் சுரண்டி விட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

இன்றிலிருந்து சூரியன் இல்லை. மத்தியானம் தெற்கே ஒரு நீல வெளிச்சம் வந்துவிட்டுப் போனது. இனித் தை பிறந்தும் ஒரு கிழமை கழித்துத்தான். சுபாஜினி முதல் வருடம் இந்த இருட்டைக் கண்டு, “என்னை எங்கை கொண்டுவந்து விட்டிருக்கிறியள்?” என்று கேட்டாள். அடுத்த வருடம் பழகிவிட்டாள். பழகிவிட்டேன் என்று சொன்னாள்.

வடைக்கு மட்டும் காலை எட்டுக்குச் சூரியன் உதிக்கும், இரவு எட்டுக்கு மறையும். அதற்கென்ன தெரியும், நன்றாகச் சாப்பிடுகிறது. தோலுக்கும் எலும்புக்கும் வேண்டிய ஒளி தரும் நீளக்குழல் விளக்கும் கூடவே எரிகிறது. தெருவில் போகிறவர்கள் எங்கள் தையலறை யன்னலை நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நவம்பர் 30, சனி

மிதுனா குளியலறைக்குள் இருந்து கூப்பிட்டாள்.

“அங்கிள், புஸ்பம் அக்காவை வரச் சொல்லுங்கோ.”

“ஏன், என்ன செய்யுது? காய்ச்சலோ?”

“வரச் சொல்லுங்கோ.”

புஸ்பம் அக்கா என்னோடு வேலை செய்பவர், மேல்தெருவில் இருக்கிறார். செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் வந்தார். உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பிள்ளை பெரிசாயிட்டுது. பயப்பிட ஒண்டுமில்லை. தாய் முந்தியே எல்லாம் சொல்லி, சாமான் வாங்கி அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறா. தன்ரை பிள்ளைக்கு வேண்டினதெல்லாம் அவா செய்துதான் வைச்சிருக்கிறா.”

நான் நடையில் நின்றேன். எங்கே நிற்பது, என்ன செய்வது என்று தெரியவில்லை.

“நல்லெண்ணெய் இருக்கோ? உழுந்து மா?”

புஸ்பம் அக்கா குசினியில் நின்று சொல்லச் சொல்ல நான் உழுத்தங்களி கிண்டினேன். அடிப்பிடித்துவிட்டது. மேல்வாரியாய் எடுத்துக் கோப்பையில் போட்டுத் தையலறைக்குக் கொண்டுபோனேன். மிதுனா போர்வையைச் சுற்றிக்கொண்டு வடைக்குப் பக்கத்தில் இருந்தாள். முகம் சிவந்திருந்தது. இரண்டு வாய் தின்றுவிட்டு, “நல்லாயிருக்கு” என்றாள். நல்லாயில்லை. எனக்குத் தெரியும்.

வசந்தமாலா அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். முதலில் அழுதார். தங்கச்சி இல்லையே, தங்கச்சி இல்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதார். பிறகு மூக்கைச் சீறிவிட்டு, “இனியும் அங்கை வைச்சிருக்கிறது சரியில்லைத் தம்பி. ஊருக்காகச் சொல்லேல்லை. இண்டைக்கு அவளுக்கு ஒரு பொம்பிளை தேவைப்பட்டது. தெருவிலை போய்க் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்” என்றார்.

தெருவில் போய் அல்ல. தொலைபேசியில்தான் கூப்பிட்டேன். அதைச் சொல்லவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மேற்பார்வையாளரிடம் கேட்டேன், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வீட்டில் நிற்கிறமாதிரி வேலை நேரத்தை மாற்ற ஏலுமோ என்று. நல்ல மனிதன். தலையைச் சொறிந்தான். தை பிறந்தால் பெரிய மீன் வந்துவிடும், கோடை தொடங்கும்வரை ஒருவருக்கும் நேரம் மாற்ற முடியாது என்றான்.

டிசம்பர் 4, புதன்

கடற்கரையில் பொறுக்கிய தட்டைக் கல் ஒன்றைக் கழுவி விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். வடைக்கு அடிவயிறும் சுடட்டும் என்று. மேற்சூடு பார்த்தேன், முப்பத்து நாலு. சரி.

டிசம்பர் 5, வியாழன்

எழுதக் கை வரவில்லை. நாளை.

டிசம்பர் 6, வெள்ளி

நேற்று இயந்திரம் ஒன்று பழுதாகி எங்களை வெள்ளனவே விட்டுவிட்டார்கள். நான் வந்தபோது மிதுனா இன்னும் வரவில்லை. தையலறைக்குப் போனேன்.

வடை மல்லாந்து கிடந்தது. கல்லின் விளிம்பில் ஏறிப் பெட்டிச் சுவரைப் பிடிக்கப் பார்த்திருக்கிறது, அப்படியே பின்பக்கமாய்ப் புரண்டுவிட்டது. நேரே விளக்கின் கீழ். கால்கள் நாலும் ஆகாயத்தைப் பார்த்து, வாய் திறந்து, வாயோரம் நுரை. கால்கள் அசையவில்லை. துவக்கை நீட்டினேன். அடிவயிறு நாற்பத்தொன்று.

தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். என் புத்தி முழுக்க ஐஸ். ஐஸ்தானே எனக்குத் தெரிந்த வைத்தியம். குளிர்பெட்டியைத் திறந்து கையில் அள்ளியும்விட்டேன். பிறகு ஏதோ தடுத்தது. திரொம்சோ நகரத்தில் இருக்கும் மிருக வைத்தியரின் இலக்கம் சுபாஜினியின் எழுத்தில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. எடுத்தேன். தொலைபேசியில் அந்தப் பெண் அமைதியாகச் சொன்னாள்: ஐஸ் வேண்டாம், குளிர்ந்த தண்ணீரும் வேண்டாம், அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். சாதாரண அறைச் சூட்டில் உள்ள தண்ணீர், ஆழம் குறைவாக, தலையைத் தூக்கிப் பிடியுங்கள். நிழல். பிறகு காத்திருங்கள்.

குசினி நிலத்தில் இருந்து அதன் தலையை விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்த சத்தம். மிதுனா தையலறைக்குப் போய், பெட்டி வெறுமையாய் இருப்பதைக் கண்டு, என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்சை, குசினியிலை” என்றேன்.

வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னையும் பாத்திரத்தையும் நிலத்தையும் பார்த்தாள்.

“செத்துப்போச்சோ?”

“இல்லை. மூச்சு இருக்கு. வா, வந்து பார்.”

வரவில்லை. அந்த வாசற்படியிலேயே மெல்லச் சரிந்து இருந்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

“அம்மாவும் இப்பிடித்தான் கிடந்தவா. அதிலைதான். நீங்கள் இருக்கிற இடத்திலை.”

எனக்குத் தெரியும். செப்டம்பரில் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்தவள் அவள்தான். எனக்குத் தெரியும், ஆனால் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. நானாக அவளிடம் விசாரித்ததும் இல்லை.

“அடுப்பிலை பருப்பு தீஞ்சு புகைஞ்சு கொண்டிருந்தது அங்கிள். நான் முதல்லை அடுப்பைத்தான் நிப்பாட்டினனான். சட்டியைத் தூக்கித் தொட்டிக்குள்ளை வைச்சனான். ‘அம்மா, பருப்பு தீயுது, எங்கை நிக்கிறியள்’ எண்டு கத்தினனான். அவா மேசைக்கு அங்காலை கிடந்தவா. பிறகுதான் கண்டனான்.”

“பிள்ளை, மூளையிலை நரம்பு வெடிச்சால் ஒரு கணந்தான் எண்டு டொக்டர் சொன்னவர். நீ அடுப்பை நிப்பாட்டினதாலை ஒண்டும்...”

“தெரியும். எல்லாரும் சொன்னவை.”

அப்போதுதான் அழுதாள். செத்தவீட்டில் அழாத அழுகை. நான் எழும்பிப் போய் அவளைப் பிடித்திருக்கலாம். ஒரு கையில் வடையின் தலை. விட்டால் அது தண்ணீருக்குள் முகம் கவிழ்ந்துவிடும். மற்றக் கையை நீட்டினேன். எட்டவில்லை. அவள் இருந்த இடத்தில் இருந்து காலை நீட்டி, தன் காலுறைப் பாதத்தை என் கையில் வைத்தாள். அப்படியே இருந்தோம்.

வடை கண் திறந்தபோது வெளியே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் அவை இந்த மாதம் பகலிலும் எரிவதுதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

வடை உயிரோடு இருக்கிறது. பின்கால் ஒன்றைச் சற்று இழுக்கிறது. கல்லை எடுத்து எறிந்துவிட்டேன். அந்த இடத்தில் மண்ணோடு மண்ணாய்ப் பதித்த தட்டையான தரை ஓடு. புரண்டாலும் கால் ஊன்றித் திரும்புவதற்கு, சுற்றிவரச் சின்னச் சின்ன மரவேர்த் துண்டுகள். விளக்கையும் உயர்த்திக் கட்டியிருக்கிறேன்.

பின்கதவால் வந்தவளுக்காக முன்படியில் உப்புப் போட்டுச் சுரண்டினேனே, என்ன முட்டாள்.

மத்தியானம் அவளிடம் கேட்டேன். “வேற வீடு பாப்பமோ? துறைமுகத்துக்குக் கிட்ட ஒண்டு வாடகைக்கு இருக்காம்.”

யோசித்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“எல்லா வீட்டிலையும் குசினி இருக்குந்தானே அங்கிள்.”

“அப்ப என்ன செய்வம்?”

“கதவைத் திறக்கேக்கை ஆராவது நிக்கவேணும். அவ்வளவுதான். ஆரெண்டாலும் பரவாயில்லை. சத்தம் கேட்டால் போதும்.”

நான் நேர மாற்றம் கேட்டதையும் மேற்பார்வையாளன் சொன்ன பதிலையும் சொல்லவில்லை. அவள் கீரையைக் கிள்ளி வடைக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 14, சனி

லண்டன் வீட்டில் அக்கா, அவருடைய மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். அந்த வீட்டுக் கதவை எந்த நேரம் திறந்தாலும் யாராவது ஒருவர் யாரையாவது ஏசிக்கொண்டு நிற்பார்கள்.

நானே தொலைபேசி எடுத்தேன். “அக்கா, வந்து கூட்டிக்கொண்டு போங்கோ” என்றேன். “உங்களை நான் அண்டைக்குக் கடுமையாய்க் கதைச்சுப்போட்டன் தம்பி” என்றார். இல்லை என்றேன்.

மிதுனாவிடம் சொன்னபோது முதலில் அவள் கேட்டது, “வடை?”

“அதைக் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேணுமாம். மாதக்கணக்காகும், கிடைக்குமோவும் தெரியாது. இந்தக் குளிருக்குள்ளை பயணம் பண்ணவும் கூடாதெண்டு வைத்தியர் சொல்லுறா. நான் பாப்பன்.”

“உங்களை ஆர் பாக்கிறது?”

“எனக்கு வேலை இருக்கு.”

அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். போக மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நான் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 28, சனி

சுபாஜினியின் சேலைகளை மிதுனாவும் புஸ்பம் அக்காவும் மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். நீலச்சேலை ஒன்றை மிதுனா வெளியே எடுத்து வைத்தாள்.

“இது உங்களுக்கு.”

“நான் என்ன செய்ய?”

“வைச்சிருங்கோ.”

ஜனவரி 12, ஞாயிறு

நாள் முழுக்கப் பாடம். அவள் ஆசிரியை, நான் மாணவன். கீரை வகையைக் காட்டித் தந்தாள். கல்சியம் தூளை எவ்வளவு தூவுவது என்று காட்டித் தந்தாள். கிழமைக்கு ஒருமுறை நிறுக்க வேண்டும். பல்ப் எரிந்துபோகுமுன் மாற்றுப் பல்ப் கையில் இருக்க வேண்டும். சூட்டை ஒவ்வொரு காலையும் பார்க்க வேண்டும், சும்மா கையை நீட்டிப் பார்த்துச் சரி என்று விடக்கூடாது.

“எவ்வளவு காலம் இருக்கும் இது?” என்று கேட்டேன்.

“அறுபது வருசம் இருக்கும். கூடவும் இருக்கும்.”

எனக்கு நாற்பத்தேழு. அவளும் அதைத்தான் கணக்குப் பார்த்திருப்பாள். “பிறகு நான் வந்து எடுப்பன்” என்றாள்.

ஜனவரி 20, திங்கள்

அக்கா நேற்று வந்தார். இன்று இருவரும் போனார்கள்.

இந்த ஊர் விமான நிலையம் ஒரு பெரிய பஸ் தரிப்பிடம் மாதிரித்தான். காற்று. விமானம் பிந்தியது. மூவரும் கோப்பி குடித்தோம். மிதுனா கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டைப் பார்ப்பதும் மூடுவதுமாய் இருந்தாள். கூப்பிட்டதும் எழும்பினாள். என்னைக் கட்டிப்பிடித்தாள், குளிர் அங்கியோடு, முகம் என் நெஞ்சில் எங்கேயோ புதைந்தது. ஏதோ சொன்னாள். அங்கிக்குள் கேட்கவில்லை. திரும்பக் கேட்க நான் வாயெடுக்க முன்னமே போய்விட்டாள்.

நடந்துபோகும்போது தாயின் நடை.

வீட்டுக்கு வந்தேன். முன்கதவைத் திறந்தேன். கொஞ்ச நேரம் படியிலேயே நின்றேன். அவள் சொன்னது சரிதான், சத்தம் இல்லாவிட்டால் கால் உள்ளே வராது.

ஜனவரி 26, ஞாயிறு

மிதுனா வீடியோ அழைப்பு எடுத்தாள். வடையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். சூடு கேட்டாள். சொன்னேன். நிறை கேட்டாள். இரண்டு கிராம் கூடியிருக்கிறது என்றேன். “கால்?” இன்னும் கொஞ்சம் இழுக்கிறது என்றேன். லண்டனைப் பற்றிக் கேட்டேன். “பரவாயில்லை” என்றாள். பின்னால் யாரோ யாரையோ ஏசுவது கேட்டது.

பெப்ரவரி 9, ஞாயிறு

பெரிய மீன் வந்துவிட்டது. சனி, ஞாயிறும் வேலை. மத்தியான இடைவேளையில் ஓடிவந்து சூடு பார்த்துவிட்டுப் போகிறேன். புஸ்பம் அக்கா, “ஒரு ஆமைக்கு இவ்வளவு ஓட்டமோ?” என்றார். பிறகு தானே, “சரி, ஓடுங்கோ” என்றார்.

நீலச்சேலை அலுமாரியில் இருந்தது. இப்போது கட்டிலில் இருக்கிறது.

பெப்ரவரி 23, ஞாயிறு

மிதுனா எடுக்கவில்லை. குறுஞ்செய்தி வந்தது, பரீட்சையாம். ஆமைப் படம் ஒன்றும் பூப்படம் ஒன்றும் போட்டிருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று வேலை இல்லாத ஞாயிறு. இப்போது உண்மையான வெயில் தையலறை யன்னலால் வந்து பெட்டியில் விழுகிறது. வடை விளக்கடியை விட்டு அந்த வெயிலுக்குப் போய்ப் படுத்தது. கண்ணாடியால் வரும் வெயில் போதாது, குழல் விளக்கை நிறுத்தக்கூடாது என்று மிதுனா சொல்லியிருந்தாள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் சூடு ஏறிவிடும் என்று அவள் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன். வெயில் விழும் பக்கத்துக்கு மெல்லிய துணித்திரை தைத்துப் போட்டிருக்கிறேன். சுபாஜினியின் தையல் இயந்திரம் என் கைக்கு இசைய மறுத்தது. கோணல் தையல்தான்.

காலும் இப்போது இழுப்பதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், நாலு காலையும் ஊன்றிப் பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. இதை மிதுனாவிடம் சொல்லவேண்டும் என்று காலையிலிருந்தே காத்திருந்தேன். தொலைபேசியை நிமிர்த்தி வைத்து, வடைக்கு நேராக, வெளிச்சமும் சரிபார்த்து வைத்திருந்தேன்.

பின்னேரம் எடுத்தாள். முகம் கொஞ்சம் உருண்டிருக்கிறது. பெரிய சத்தம். யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள்.

“அங்கிள், நான் வலைப்பந்து அணியிலை சேர்ந்திட்டன்! பெரியம்மான்ரை மகளும் நானும். சனிக்கிழமையிலை போட்டி. அங்கிள், எங்கடை வகுப்பிலை ஒரு பிள்ளை இருக்கிறாள், அவளின்ரை ஆக்களும் வவுனியாவாம்...”

நிறுத்தாமல் சொன்னாள். மூன்று வருடத்தில் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. இடையில் அக்காவின் குரல், எண்ணெய் சுட்டுவிட்டது, அதைப் பிரட்டு என்று. மிதுனாவின் படம் ஆடியது. கரண்டி சட்டியில் உரசும் சத்தம்.

“எங்கை நிக்கிறாய்?” என்று கேட்டேன்.

“குசினியிலை. ரோல்ஸ் பொரிக்கிறம்.” சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். நான் ஏன் கேட்டேன் என்று விளங்கியிருக்க வேண்டும். திரையில் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “நிறையப் பேர் நிக்கினம்” என்றாள், மெதுவாக.

“நல்லது பிள்ளை.”

“கருகப்போகுது, பிறகு எடுக்கட்டோ?”

“ஓம், எடு” என்றேன். வடையைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் வைத்த பிறகும் தொலைபேசி பெட்டிக்கு நேராகத்தான் நின்றது. வடை அந்தக் கோணல் திரையின் நிழலுக்குள் போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நான் பக்கத்தில் இருந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.